தங்கமீன் காய்ச்சும் சாராயம்

பாண்டிச்சேரிக்காரன் என்று சொன்னதுமே வெளியூர் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி என்னவென்று உங்களுக்கே தெரியும். அதனால் நான் சாராயம் பற்றிப் பதிவு எழுதினால் யாரும் ஆச்சரியப்பட மாட்டீர்கள். இது தன் உடம்புக்குள்ளேயே சாராயம் காய்ச்சும் தங்கமீனைப் பற்றிய பதிவு.

இதைத் தேட ஆரம்பித்த காரணம் கொஞ்சம் வருத்தமானது. போன ஏப்ரலில் மகளுக்கு இரண்டு தங்கமீனும் ஓர் உருண்டைக் கண்ணாடிக் குடுவையும் வாங்கி வந்தேன். மூன்றாம் நாள், "அப்பா, மீன் மேல வந்து முத்தம் குடுக்குது பாருங்க" என்றாள். நானும் ரசித்து போட்டோ எடுத்தேன். ஐந்தாம் நாள் காலையில் இரண்டும் மிதந்தன. "சின்ன மீன் சார், அவ்ளோதான் தாங்கும்" என்றார் கடைக்காரர். அது எவ்வளவு தப்பு என்று படிக்கப் படிக்கத்தான் புரிந்தது.

தங்கமீனின் அறிவியல் பெயர் காராசியஸ் ஆராட்டஸ். கெண்டைக் குடும்பம். மங்கலான நிறமுள்ள ஒரு கெண்டையில் தற்செயலாகப் பிறந்த சிவப்பு, மஞ்சள் குஞ்சுகளை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சீனர்கள் பிரித்து வளர்த்து உருவாக்கியது. இதற்கு நெருங்கிய சொந்தம் க்ரூசியன் கெண்டை. வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்டது அந்தக் கெண்டையைத்தான். ஊட்டியைத் தேர்ந்தெடுத்ததில் விஷயம் இருக்கு. இது குளிர்ப் பிரதேச மீன்.

வட ஐரோப்பாவில் குளிர்காலத்தில் குளத்தின் மேல் பனிக்கட்டி மூடிவிடும். கீழே தண்ணீரில் ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்துபோகும். மற்ற மீன்கள் செத்துவிடும். க்ரூசியன் கெண்டை மாதக்கணக்கில் பிழைத்திருக்கும்.

எப்படி? நாம் வேகமாக ஓடும்போது தசைகளுக்கு ஆக்சிஜன் பத்தாமல் லாக்டிக் அமிலம் சேர்கிறது. ஆக்சிஜனே இல்லை என்றால் அந்த அமிலம் ஏறி ஏறி ஆளைக் கொன்றுவிடும். க்ரூசியன் கெண்டையும் தங்கமீனும் அந்த லாக்டிக் அமிலத்தைத் தசைகளுக்குக் கொண்டுபோய் எத்தனாலாக, அதாவது சாராயமாக, மாற்றுகின்றன. எத்தனால் செவுள் வழியாகத் தண்ணீரில் கலந்து போய்விடும். கழிவு உள்ளே தேங்காது.

தங்கமீன் எத்தனால் உண்டாக்குவது 1980-லேயே தெரிந்துவிட்டது. அதற்கான மரபணு ரகசியத்தை 2017-ல் ஓஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்த மீன்களின் முன்னோருக்கு, 80 லட்சத்திலிருந்து 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், மொத்த மரபணுத் தொகுப்பும் இரட்டித்தது. ஒரு பிரதி வழக்கமான வேலையைப் பார்க்க, இன்னொரு பிரதியில் வந்த மாற்றங்கள் எத்தனால் பாதையைத் திறந்தன. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைத் தொடாமல், அதைக் காப்பி எடுத்து அதில் மாற்றம் செய்து பார்ப்போமே, கிட்டத்தட்ட அப்படி.

ஆக்சிஜன் இல்லாத நிலையில் க்ரூசியன் கெண்டையின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் எத்தனால் இருந்தது. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதித்த அளவு 30 மில்லிகிராம். கோரிமேட்டில் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்ளும்!

சரி, இவ்வளவு கெட்டியான மீன் என் வீட்டில் ஏன் ஐந்து நாளில் செத்தது?

முதல் காரணம் சூடு. எத்தனால் வித்தை, ஈரலில் சேமித்த கிளைகோஜனை எரித்து நடப்பது. குளிரில் உடம்பின் வேகம் குறைவு, அதனால் சேமிப்பு நாள்கணக்கில் வரும். சூட்டில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதோடு 5 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 12.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் 7.5 தான். ஏப்ரல் மாசத்துப் பாண்டிச்சேரியில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும். மீனுக்குத் தேவை ஏறுகிறது, வரவு குறைகிறது. குடுவையைக் கழுத்து வரை நிரப்பினால் காற்று படும் பரப்பும் சுருங்கிவிடும். நான் அப்படித்தான் நிரப்பியிருந்தேன்.

இரண்டாவது, அம்மோனியா. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்பது நேராகக் குடலுக்குப் போகும், நாள் பூராவும் மேய்ந்துகொண்டே இருக்கும். அந்தப் புரதக் கழிவு அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறும். குளத்தில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். புதுத் தொட்டியில் அந்த பாக்டீரியாக்கள் குடியேறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அம்மோனியா சேர்ந்துகொண்டே போகும். தண்ணீர் சூடாகச் சூடாக அதன் விஷத்தன்மையும் கூடும். செவுளை அரித்துவிடும். செவுள் கெட்டால் மீனுக்கு மூச்சுத் திணறும். எத்தனால் வித்தை ஆக்சிஜன் இல்லாததற்குத்தான் மருந்து, அம்மோனியாவுக்கு இல்லை.

ஆக, என் மகள் பார்த்தது முத்தம் இல்லை, மூச்சுத் திணறல்.

"அவ்ளோதான் தாங்கும்" என்பதற்கும் ஒரு பதில் கிடைத்தது. இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருஷம் வாழ்ந்தது. சரியாக வளர்த்தால் பத்துப் பதினைந்து வருஷம் என்பது சாதாரணம்.

இப்போது வீட்டில் ஒரு நீளமான தொட்டி இருக்கிறது, ஃபில்டரோடு. ஆறு வாரம் மீன் விடாமல், தினம் துளி இரை மட்டும் போட்டு பாக்டீரியா வளர்த்தோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகுதான் மீன். குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்துத்தான் ஊற்றுகிறோம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுவது மகள் பொறுப்பு.

உங்கள் வீட்டு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் போட்டோ எடுக்காதீர்கள். முதலில் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.