மலைத்தடம் – 11: டப்பா தேடுகிறவர்களும் பார்த்துக்கொண்டிருப்பவர்களும்

பதுளைப் பக்கம் யாராவது உங்களிடம் "என்னா தேடுறீங்க?" என்று கேட்டால், வாய் தவறிக்கூட "புதையல்" என்று சொல்லிவிடாதீர்கள். இலங்கையில் அனுமதியில்லாமல் புதையல் தோண்டுவது குற்றம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஸ்கேனர் கருவி, மண்வெட்டி, பூசைச் சாமான்களோடு நாலு பேர் கைது என்ற செய்தி பத்திரிகைகளுக்குப் பஞ்சமே இல்லாமல் கிடைக்கும். கூடவே நரபலிக் கதைகளும் ஓடும். இப்படியான ஊரில்தான் ஒரு கூட்டம் கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு, எல்ல, ஹப்புத்தளைப் பக்கத்துக் கல் இடுக்குகளில் கையை விட்டுத் துழாவிக்கொண்டு திரிகிறது. 'உலகத்திலேயே பெரிய புதையல் வேட்டை' என்றுதான் தங்கள் விளையாட்டை அவர்கள் அறிமுகப்படுத்துவதும்.

விளையாட்டின் பெயர் ஜியோகேஷிங். அமெரிக்கச் செய்மதிகள் தரும் ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கித்தான் பல வருடம் கொடுத்துவந்தார்கள். நூறு மீற்றர் வரை பிசகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் ஜனாதிபதி கிளின்டன் அந்த மங்கலை நீக்கச் சொன்னார். ஒரே இரவில் பிசகு பத்திருபது மீற்றருக்கு இறங்கிவிட்டது. மே 3ஆம் திகதி டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரத்தில் கறுப்பு வாளி ஒன்றை வைத்துவிட்டு, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். கண்டுபிடிப்பவர் எதையாவது எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு எதையாவது வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர் எழுதவேண்டும். இன்றைக்கும் அடிப்படை விதி அவ்வளவுதான். உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. சில சோற்றுப்பெட்டி அளவு, சில விரல்நுனியளவுக் காந்தக் குப்பி.

பெட்டியை எடுக்கும்போது வெளியாள் பார்த்துவிடக் கூடாது என்பது எழுதாத விதி. பார்த்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். விஷயம் தெரியாத அந்த வழிப்போக்கருக்கு இவர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'மகிள்'. ஹரி பொட்டர் கதைகளில் மந்திரம் தெரியாத சாதாரண சனங்களுக்கு ஜே. கே. ரோலிங் வைத்த பெயர் அது. பிரான்சில் விளையாடுபவர்கள் 'மோல்தியூ' என்பார்கள், செக் நாட்டில் 'முட்லா'. அந்தந்த மொழியில் ஹரி பொட்டரை மொழிபெயர்த்தவர் எந்தச் சொல்லைப் போட்டாரோ அதையே எடுத்துக்கொண்டார்கள். பெட்டி காணாமல் போனால் 'மகிள் ஆகிவிட்டது' என்று பதிவு போடுவார்கள். மகிள்களை ஏய்க்க உத்திகளும் உண்டு. குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவது, வராத அழைப்புக்கு ஃபோனில் பேசுவது, இன்னும் துணிந்தவர்கள் வீதி வேலைக்காரர் மாதிரி மஞ்சள் அங்கி போட்டுக்கொள்வது.

உத்தி பிசகினால் வம்புதான். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறு நகரத்தில் ஒருவர் பெட்டியைக் கையாண்ட விதம் பார்த்தவர்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. பொலிஸ் வந்து தெருவை மூடியது. இராணுவத்தின் குண்டுப் பிரிவு வந்து பெட்டியை வெடிக்கவைத்தது. இங்கிலாந்திலேயே இந்தக் கதியென்றால் நம் ஊரை யோசித்துப் பாருங்கள். மூன்று தசாப்த யுத்தம், அதற்குப் பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். ஆளில்லாத பொதியைக் கண்டால் தொடாதே, ஓடிப்போய்ச் சொல்லு என்று பழகிய சனம் இது. ஒன்பது வளைவுப் பாலத்தடியில் டேப் சுற்றிய டப்பாவை வைத்துவிட்டு வருவதை நான் விளையாட்டுக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பெட்டியே இல்லாத வகைகளும் இருக்கின்றன. ஓர் இடத்துக்குப் போய், அங்கே நின்றால் மட்டுமே தெரியக்கூடிய கேள்விக்குப் பதில் அனுப்பவேண்டும். 2004 முதல் பாறை, அருவி, மண்ணமைப்பு இவற்றுக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊவா மாகாணத்துக்கு இதுதான் தோது என்பது என் கட்சி. 64 மீற்றர் உயரத்திலிருந்து விழும் துன்ஹிந்த அருவியை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்? பதுளை டவுனில் மேஜர் ரோஜர்ஸ் நினைவாகக் கட்டிய புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் அந்த ஆள் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். அந்த ஒரு கட்டடத்தை வைத்தே பத்துக் கேள்வி போடலாம். தெமோதரையில் தன் ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைந்து போகும் கோச்சிப் பாதை இருக்கிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்ததென்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

ஆனால் டொரொன்டோவிலிருந்து வந்த என் மருமகனுக்குக் கேள்வி பதிலெல்லாம் பள்ளிக்கூடம் மாதிரி. அவனுக்குப் பெட்டிதான் வேண்டும். எல்லவுக்குக் கிட்ட ஒரு தோட்டப் பாதையில், மதகு ஒன்றின் பக்கத்தில் இருப்பதாக ஃபோன் காட்டியது. போனோம். மேலே மலையில் பெண்கள் படங்கு கட்டி, நெரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பையன் என் காதருகே வந்து, "மாமா, மகிள்ஸ்" என்றான். என்னை நிழலில் நிற்கச் சொல்லிவிட்டு, குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். எழுந்து ஃபோனைக் காதில் வைத்தான். மறுபடி குனிந்தான்.

"தம்பிக்கு சப்பாத்துக் கயிறு அவுந்துகிட்டேதான் இருக்கு போல!" என்று மேலேயிருந்து ஒரு குரல். நெரை முழுக்கச் சிரிப்பு.

அவன் அசரவில்லை. பக்கத்தில் நின்ற மரத்தின் பொந்துப் பக்கம் கையை நீட்டினான். சிரிப்பு சட்டென்று நின்றது. "ஐயோ, அதுல கைய விடாதீங்க தம்பி! கொளவி இருக்கு!"

தோட்டத்தில் குளவி விளையாட்டுச் சாமான் இல்லை. கொழுந்து எடுக்கப் போனவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது மலைநாட்டில் ஓயாத செய்தி, உயிர் போனதும் உண்டு. எந்த மரத்தில் கூடு, எந்தக் கானில் பாம்பு, எந்த மண்மேட்டில் புதிதாக வெடிப்பு விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த நெரையில் நிற்பவர்களுக்கு அத்துப்படி. தெரியாமல் இருந்தால் அந்த மலையில் பிழைக்க முடியாது. வெளியூர்க்காரன் ஒருவன் பாதையில் கால் வைத்த நிமிடமே அவன் யார், யாரோடு வந்தான், எத்தனை தரம் குனிந்தான் என்று மலையே கணக்கு வைத்துவிடும். விஷயம் தெரியாத ஆளுக்குத்தான் மகிள் என்று பெயரென்றால், அந்த இடத்தில் அது என் மருமகனுக்கும் எனக்கும்தான் பொருந்தும்.

நெரைக் கடைசியிலிருந்த வயதான அம்மா கூடையோடு கீழே இறங்கி வந்தார். என்னைப் பார்த்து, "ஐயா, டப்பாவா தேடுறீங்க?" என்றார். பையனுக்கு முகம் விழுந்துவிட்டது. "வெள்ளக்காரங்க வந்து தேடுவாங்க. மொதல்ல நாங்க சர்வேக்காரங்கன்னு நெனச்சோம். காணி அளக்க வந்துட்டாங்கன்னு லயத்துல ஒரே பேச்சு."

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போக முடியாது. லயத்துக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களுக்கு ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு வருடக்கணக்காக நடக்கிறது. கிடைத்தவர்கள் சிலர், காத்திருப்பவர்கள் பலர். கருவியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நடக்கும் ஒருவன் அவர்களுக்குக் காணி தர வந்தவனாக இருக்கலாம், இருக்கிறதைப் பிடுங்க வந்தவனாகவும் இருக்கலாம். ஊவாவில் மாணிக்கம் தோண்டுகிறவன் என்ற சந்தேகம் வேறு சேரும். விளையாட வந்த ஆள் என்பது கடைசியாகத் தோன்றும் யோசனை.

அம்மா மதகுக்கு அந்தப் பக்கம் போய் ஒரு தட்டைக் கல்லைத் தூக்கினார். டப்பா இல்லை. மடித்து முடிச்சுப் போட்ட சொப்பிங் பேக் ஒன்று இருந்தது. அதற்குள் இன்னொரு சொப்பிங் பேக், அதற்குள் பென்சில் துண்டும் குறிப்பேடும். ஒரு தாளும் நனையவில்லை. "டப்பாவ யாரோ கொண்டுபோய்ட்டாங்க ஐயா. நல்ல டப்பா, மூடி இறுக்கமா இருக்கும். பேரு எழுதுற புத்தகத்த வீச மனசு வரல. மழ நாளுல நனையாம இருக்கட்டும்னு சுத்தி வச்சிருக்கு." 'யாரோ' என்றபோது பின்னாலிருந்த இளம் பெண் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

பையன் பெயர் எழுதினான். ஃபோனில் 'மகிள் ஆகிவிட்டது' என்று பதியப் போனவனை நிறுத்தி, இந்தப் பெட்டியை வைத்தது யாரென்று பார்க்கச் சொன்னேன். வெளிநாட்டுக்காரர், விடுமுறைக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போனவர். பெட்டி வைத்தவரே அதைப் பராமரிக்க வேண்டும், எட்டாத ஊரில் வைக்கக் கூடாது என்பது இவர்களுடைய சொந்த விதி. நிலத்துக்குரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது இன்னொன்று. அனுமதி யாரிடம் வாங்குவது? காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, கம்பனிக்காகப் பங்களாவில் இருப்பவர் துரை. இவர்களில் யாரும் அந்த மதகுப் பக்கம் நடந்து வரப் போவதில்லை. மழைக்கு முந்திப் புத்தகத்தைச் சுற்றி வைத்த அம்மாவின் பெயர் எந்தப் படிவத்திலும் வராது. கடைசியில் பையன் 'பராமரிப்பு தேவை' என்பதை அழுத்திவிட்டு, குறிப்பேடு பத்திரமாக இருக்கிறது, பார்த்துக்கொள்கிறவர்கள் மலையில் இருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்கள், மரப்பொந்தில் மட்டும் கையை விடாதீர்கள் என்று எழுதினான்.

புறப்படும்போது அந்த அம்மா, "அடுத்த தரம் வாறப்போ ரெண்டு டப்பாவா கொண்டாங்க தம்பி" என்றார். இந்தத் தரம் சிரித்தது நாங்கள். மறுநாள் பண்டாரவளை டவுனில் மூடி இறுக்கமான டப்பா இரண்டு வாங்கப் போனோம். விலையைக் கேட்டதும், பழைய டப்பா ஏன் போனதென்பது கடையிலேயே விளங்கிவிட்டது.