புலிக்கு எடை கொடுப்பவர்கள்

'லைஃப் ஆஃப் பை' படத்தில் புதுச்சேரிப் பையன் 'பை'யோடு ஒரே படகில் கடலில் தத்தளித்த புலி ரிச்சர்ட் பார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் புலி வரும் காட்சிகளில் நிஜப் புலிகள் நடித்தவை கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கணினியில் பிறந்தது. 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்' நிறுவனத்தின் அனிமேட்டர்கள் உயிருள்ள புலிகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தலை திரும்பும்போது தோள் எப்போது அசைகிறது, பாதம் ஊன்றும்போது சதை எப்படிக் குலுங்குகிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. புலி மனிதனைப் போல நடந்துகொள்ளக் கூடாது, கடைசி வரை விலங்காகவே இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். கேரக்டர் அனிமேஷன் என்ற தொழிலின் உயரம் அது.

பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் படிக்கணும்?" மாயாவோ பிளெண்டரோ, எதுவானாலும் சில மாதங்களில் கை பழகிவிடும். பிளெண்டருக்குக் காசும் வேண்டாம். லாத்விய இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதில் செய்த 'ஃப்ளோ'தான் 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. ஆனால் ஆண்டுக்கணக்கில் பழக வேண்டியது கண்.

இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வரும் பெண்ணை நின்று கவனியுங்கள். குடம் இடப்பக்கம் என்றால் இடுப்பு அந்தப் பக்கம் தள்ளிக்கொடுக்கிறது. மேலுடம்பு வலப்பக்கம் சாய்கிறது. வலக்கை உடம்பை விட்டு விலகி வீசுகிறது. காலடி சின்னதாகிறது. காலிக் குடத்தோடு போகும்போது இதில் எதுவும் இல்லை. இந்த வித்தியாசத்தைத் திரையில் கொண்டுவரத் தெரிந்தவர், தண்ணீரைக் காட்டவே வேண்டாம். குடம் நிறைந்திருக்கிறது என்று பார்ப்பவருக்கே புரிந்துவிடும். நல்ல அனிமேட்டர்கள் ஒரு ஷாட்டைத் தொடுவதற்கு முன் தாங்களே கேமரா முன்னால் நின்று நடித்துப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

பயிற்சி பந்திலிருந்து தொடங்கும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒரே அளவு, ஒரே நிறத்தில் இரண்டு உருண்டைகள். ஒன்று பிங்பாங் பந்து, மற்றது இரும்புக் குண்டு என்று துள்ளலை வைத்தே சொல்ல வேண்டும். உச்சியில் பந்து ஃபிரேமுக்கு ஃபிரேம் கொஞ்சமாக நகரும். தரையை நெருங்க நெருங்க இடைவெளி அகலும். இதை ஸ்பேஸிங் என்பார்கள். பிறகு மாவு மூட்டை, அதன்பின் நடை. இயல்பான நடையில் ஓர் அடிக்கு 12 ஃபிரேம். 16 ஆக்கினால் உலாத்தல்; 8 ஆக்கினால் ஏறக்குறைய ஓட்டம். பந்து சலிப்பூட்டுகிறது என்று தாண்டிப் போகிறவர்களின் கதாபாத்திரங்கள் கடைசி வரை தரையில் நிற்பதில்லை, மிதக்கின்றன.

இதெல்லாம் ஆளிடமிருந்து ஆளுக்கு வந்த வித்தை. 1937இல் வெளியான 'ஸ்னோ ஒயிட்' படத்தில் குள்ளர்கள் அழும் காட்சியைச் செய்த ஃபிராங்க் தாமஸ், பின்னாளில் ஆலி ஜான்ஸ்டனோடு சேர்ந்து அனிமேஷனின் 12 அடிப்படை விதிகளைப் புத்தகமாக்கினார். அது வெளிவந்தது 1981இல். ஆனால் அதற்கும் கால் நூற்றாண்டு முன்பே, 1956இல், டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம்மவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகன் அந்தப் பட்டறையில் உருவானவர்.

இன்று தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் அனிமேஷனுக்குப் பட்டப்படிப்பு உண்டு. அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) இருக்கிறது. ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர்களே திருத்திக் கொடுக்கும் 'அனிமேஷன் மென்டார்' போன்ற இணைய வகுப்புகளும் உண்டு. அவற்றின் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரம்தான்.

வேலை தேடும்போது பேசுவது ஷோரீல், அதாவது நீங்கள் செய்த ஷாட்களின் தொகுப்பு. ஒரு நிமிடம் போதும். சிறந்த ஷாட் முதலில் வரட்டும். சுமாரானதை ஈவு இரக்கமில்லாமல் வெட்டுங்கள். உடல் எடை தெரியும் ஒரு ஷாட், வசனத்துக்கு நடிக்கும் ஒரு ஷாட், இரண்டும் இருந்தால் தேர்வு செய்பவர் நின்று பார்ப்பார்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் புதியவர்களுக்கு அதிகம் கிடைப்பது ரோட்டோ (காட்சியில் உருவங்களை வெட்டிப் பிரிப்பது), பெயிண்ட் (வேண்டாததை அழிப்பது), மேட்ச்மூவ் (கேமரா அசைவைக் கணினியில் பொருத்துவது) வேலைகள். மரியாதையான வேலைகள்தான், நல்ல கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கிருந்து அனிமேஷன் பிரிவுக்குத் தானாக ஏறிப்போகும் படிக்கட்டு கிடையாது. சேர்ந்தாலும் இரவில் சொந்த ஷாட்டை விடாதீர்கள்.

பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிச்சர்ட் பார்க்கரை உருவாக்கிய நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவாலானது. அதே மாதம் அந்தப் புலிக்கு ஆஸ்கர் கிடைத்தது. விருது அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஸ்டுடியோக்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஏராளமான இளைஞர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் வேலையில் குறை இல்லை. குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்து, தாமதத்தின் நஷ்டத்தையும் ஸ்டுடியோவே சுமக்கும் முறைதான் கோளாறு. படம் கோடிகளை அள்ளும்போது அதைச் செய்தவர் சம்பள பாக்கியோடு நிற்பது அநியாயம், அதை அப்படியே சொல்லித்தான் ஆக வேண்டும். அதனால் ஆறு மாதச் செலவுக்காவது கையில் காசு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பயிற்சி நிலையத்தில் சேர்க்கும் முன் கட்டடத்தையும் கணினிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சென்ற ஆண்டு படித்து முடித்தவர்களின் ரீலைக் கேளுங்கள், பாடம் எடுப்பவர் எந்தப் படத்தில் எந்த ஷாட் செய்தார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் நேராகப் பதில் வராத இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.