நாலு நாள் ஓடினாலும் ஆறுதான்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஓடைகள் ஏராளம். அவ்வூர்க்காரர்கள் 'வாஷ்' என்பார்கள். நம் காட்டாறு மாதிரிதான். ஜூலையில் பருவமழை இறங்கினால் நிலைமை தலைகீழ். எங்கோ மலையில் கொட்டிய மழை, இங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே சுள்ளியும் நுரையும் சேறுமாக உருண்டு வந்துவிடும். தடுப்பு வைத்த பிறகும் அதைச் சுற்றிக்கொண்டு போய் வெள்ளத்தில் காரை இறக்கிச் சிக்கிக்கொள்கிறவர்களிடம் மீட்புச் செலவை வசூலிக்க அங்கே தனிச் சட்டமே இருக்கிறது. மக்கள் வாயில் அதன் பெயர் 'முட்டாள் ஓட்டுநர் சட்டம்'!

இந்த ஓடைகளுக்கு நீரியலாளர்கள் வைத்திருக்கும் ஆங்கில அடைமொழி 'எபெமரல்'. படுகை நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் இவற்றுக்கு ஊற்று கிடையாது. மழை பெய்தால்தான் ஓட்டம். அறிவியலில் இது ஒரு வகைப்பாடு, அவ்வளவுதான். நீதிமன்றப் படி ஏறியதும் அதுவே வினையாகிவிட்டது.

1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், மாசிலிருந்து காக்க வேண்டியவை 'அமெரிக்காவின் நீர்நிலைகள்' என்று பொதுவாகச் சொன்னதே தவிர, எவை எவை என்று விளக்கவில்லை. 2006-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ரபானோஸ் வழக்கில் நீதிபதி அன்டோனின் ஸ்கேலியா, ஓரளவு நிரந்தரமாக நீர் நிற்பவையும் ஓடுபவையுமே கணக்கில் வரும் என்றார். அன்று அதற்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில் கிடைத்தது: 5-க்கு 4. வழக்கென்னவோ ஐடஹோவில் ஒரு தம்பதி வீடு கட்ட வாங்கிய மனை ஈரநிலமா என்பது பற்றித்தான். அடி விழுந்ததோ, அங்கிருந்து வெகுதூரத்தில் இருக்கும் பாலைவன ஓடைகளுக்கும் சேர்த்து.

ஓடும் நாட்களை எண்ணிய நீதிபதிகள், ஓடிய தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்திருக்கலாம். 2024-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு அதைப் பார்த்தது. இத்தகைய 'எபெமரல்' ஓடைகள் ஓடுவது ஆண்டுக்குச் சராசரியாக 4 முதல் 46 நாட்கள். ஆனால் அமெரிக்கப் பெருநிலப்பரப்பின் ஆற்றுப் படுகைகளிலிருந்து வெளியேறும் நீரில் சராசரியாக 55 சதவீதம் இவற்றின் வழியே வருவதுதான். வறண்ட ஓடையில் கழிவைக் கொட்டினால், அடுத்த வெள்ளம் அதை அள்ளிக்கொண்டு போய்ப் பேராற்றில் சேர்க்கும். மணல் உறிஞ்சும் பங்கு நிலத்தடி நீருக்குப் போகும்.

கூட்டரசின் பாதுகாப்பு கைநழுவியதும் நியூ மெக்சிகோ காத்திருக்கவில்லை. நீர்நிலைகளில் கழிவு விட மாநிலமே அனுமதி தரவும் மறுக்கவும் 2025-இல் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது.