சொட்டுக்குழாயும் வேக்குவம் கிளீனரும் வரைந்த ஓவியங்கள்... தெரியுமா?

பெயின்டைச் சொட்டியும் ஊற்றியும் வீசியும் ஓவியம் படைத்தவர் யார்? நவீன ஓவியம் பற்றிக் கொஞ்சம் படித்தவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். ‘ஜாக்சன் பொல்லாக்!’ என்பார்கள். சரிதான். ஆனால் பொல்லாக்கின் புகழ்பெற்ற சொட்டு ஓவியங்கள் தொடங்கியது 1947-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஐந்து பிள்ளைகளைப் பெற்ற ஓர் அம்மா அதே காரியத்தைச் சத்தமில்லாமல் செய்து வைத்திருந்தார், தெரியுமா?

அவர் பெயர் ஜேனட் சோபெல். ஓவியப் பள்ளியின் வாசலைக்கூட மிதிக்காதவர்!

சோபெல் 1945-ல் வரைந்த ஓவியம் ‘மில்க்கி வே’, அதாவது பால்வெளி. உயரம் 114 செ.மீ., அகலம் 76 செ.மீ. நியூயார்க்கின் நவீன ஓவிய அருங்காட்சியகமான ‘மோமா’வில் இருக்கிறது. இத்தனை பெரிய இடத்தில் இருந்தும் இந்தப் படத்தின் பெயரைக் கேட்டால் பலருக்கும் தெரியாது!

கிட்டே போய்ப் பார்த்தால் என்ன தெரியும்? இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் குட்டை குட்டையாகத் தேங்கி, ஓரங்களில் ஒன்றுக்குள் ஒன்று கசிந்திருக்கிறது. அதற்கு மேலே நூலிழை மாதிரி மெல்லிய கோடுகள் வளைந்து நெளிந்து ஓடுகின்றன. படத்துக்கு நடு எது? தெரியாது! எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதுவும் தெரியாது! கேன்வாஸின் நான்கு மூலைக்கும் ஒரே மரியாதை. முக்கியமான இடம், முக்கியமில்லாத இடம் என்ற பேதமே இல்லாமல் முழுப் பரப்பையும் நிரப்பும் இந்த முறையைத்தான் பிற்பாடு அமெரிக்க ஓவிய உலகம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது!

இந்தக் கோடுகளை எதைக் கொண்டு போட்டார் தெரியுமா? தூரிகையால் அல்ல. கண்ணாடிச் சொட்டுக்குழாயால்! பேனாவுக்கு மை ஊற்ற ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ‘ஃபில்லர்’ வைத்திருந்தோமே, அந்தச் சாதி சாமான்தான்! பெயின்டை உறிஞ்சி எடுத்து, கேன்வாஸ் மேல் பிடித்து, அழுத்த வேண்டியது. மெல்ல அழுத்தினால் சொட்டு. கையை நகர்த்திக்கொண்டே அழுத்தினால் கோடு. வேகமாக அழுத்தினால் பீய்ச்சல்!

சரி, அந்தக் குழாயும் பெயின்டும் எங்கிருந்து வந்தன? ஓவியக் கடையிலிருந்தா? இல்லவே இல்லை. கணவர் மேக்ஸ் சோபெல் இமிடேஷன் நகை தயாரிக்கும் தொழில் நடத்தினார். நகைக்குப் பளபளப்பு ஏற்றும் எனாமல் பெயின்டும் சொட்டுக்குழாயும் அங்கே தாராளமாகக் கிடைத்தன. வளையலுக்கும் புரோச்சுக்கும் போக வேண்டிய பெயின்ட் அந்த அம்மாவின் கேன்வாஸுக்குப் போனது!

இன்னும் ஆச்சரியம் பாக்கி இருக்கிறது. வீடு பெருக்கும் வேக்குவம் கிளீனரை வைத்து ஓவியம் வரைய முடியுமா? சோபெல் வரைந்தார்! கேன்வாஸில் பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே மிஷினின் உறிஞ்சும் வாயைக் காட்டினால், காற்று இழுக்கும் பக்கமெல்லாம் பெயின்டும் இழுபட்டுப் போகும். கை தொடாமலே கோடு! 1940-களில், சமையலையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இந்த யோசனை வந்திருக்கிறது. என்னைக் கேட்டால், அந்த நூற்றாண்டின் குறும்பான கண்டுபிடிப்புகளில் இதற்கு ஓர் இடம் தரலாம்!

வித்தை அதோடு முடிந்ததா? கேன்வாஸைச் சாய்த்து ஈரப் பெயின்டை ஓட விட்டார். வாயால் ஊதிப் பரப்பினார். மணலைக் கலந்து சொரசொரப்பு ஏற்றினார். ஈசல் என்னும் தாங்கியில் மாட்டாமல் தரையில் போட்டு வரைந்தார். அவர் வேலை செய்யும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதில் குப்புறப் படுத்துக்கொண்டு வரைகிறார்! கேன்வாஸ் கிடைக்காவிட்டால்? பழைய கவர், அட்டை, துண்டுக் காகிதம்... எது கையில் கிடைத்தாலும் ஓவியம்தான்!

அவர் முதன்முதலில் தூரிகையைத் தொட்டது எந்த வயதில், சொல்லுங்கள் பார்க்கலாம்? பத்து? இருபது? ம்ஹூம். நாற்பத்தைந்தை ஒட்டி! 1930-களின் கடைசியில்! மகன் சோல் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். ஒரு கதைப்படி, மகனின் படத்தில் அம்மா குறை சொல்லப் போக, ‘அவ்வளவு தெரிந்தால் நீங்களே வரையுங்களேன்’ என்று மகன் சவால் விட்டாராம். இன்னொரு கதைப்படி, படிப்பை விடப் பார்த்த மகனுக்கு அம்மா புத்தி சொல்லப் போய் வினை வந்ததாம். எது உண்மையாக இருந்தாலும் மகன் அசந்து போனார். அதன் பிறகு அவர் செய்ததைப் பாருங்கள்: ஓவியர்கள் மேக்ஸ் எர்ன்ஸ்ட், மார்க் ஷகால், தத்துவ அறிஞர் ஜான் டூவி என்று பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் ‘என் அம்மாவின் படங்களைப் பாருங்கள்’ என்று கடிதம் எழுதினார்! அம்மாவுக்காக மகன் பார்த்த பி.ஆர்.ஓ. உத்தியோகம்!

பலித்ததா? பலித்தது! 1944-ல் நியூயார்க்கின் பூமா கேலரியில் தனிக் கண்காட்சி. கையேட்டுக்கு எழுதியது யார்? அதே ஜான் டூவி, எண்பதைத் தாண்டிய வயதில்! 1945-ல் பெக்கி குகன்ஹைம் தன் கேலரியில் பெண் ஓவியர்களுக்கென்று நடத்திய கண்காட்சியில் இடம். 1946-ல் அதே கேலரியில் தனிக் கண்காட்சி! தூரிகை பிடித்துப் பத்து வருடம்கூட ஆகவில்லை!

இத்தனைக்கும் அவருடைய இளமைக் கதை கண்ணீர்க் கதை. 1893-ல், இன்று உக்ரைனில் டினிப்ரோ என்று அழைக்கப்படும் ஊரின் பக்கம், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்களுக்கு எதிரான கலவரத்தில் தந்தை கொல்லப்பட்டார். 1908-ல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் கப்பலேறி அமெரிக்கா வந்தபோது வயது பதினைந்துகூட இருக்காது. பதினேழுக்குள் கல்யாணம்! அவருடைய தொடக்க கால ஓவியங்களில் முகங்களும் பூக்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அவை உக்ரைன் நாட்டுப்புறக் கலையின் சாயல் கொண்டவை. போர்க்காலத்தில் சிப்பாய்களும் வந்து சேர்ந்தார்கள். சொட்டுப் பெயின்டுக்கு மாறிய பிறகும் சில படங்களில் அந்த முகங்கள் கோடுகளுக்கு அடியில் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கின்றன!

இப்போது வெடிகுண்டு! பொல்லாக் இந்தப் படங்களைப் பார்த்தாரா? பார்த்தார்! சொல்வது யார் தெரியுமா? பொல்லாக்கின் புகழை ஊதிப் பெருக்கிய விமர்சகர் கிளெமென்ட் கிரீன்பெர்க்கேதான்! 1961-ல் வெளியான தன் கட்டுரைத் தொகுப்பில் அதை எழுதியிருக்கிறார். தானும் பொல்லாக்கும் சோபெலின் படங்களை குகன்ஹைம் கேலரியில் பார்த்ததையும், அவை தன் மனத்தில் பதிந்ததாகப் பொல்லாக் ஒப்புக்கொண்டதையும் சொல்லிவிட்டு, கையோடு சோபெலை ‘புரூக்ளினில் வசிக்கும் ஓர் இல்லத்தரசி’ என்றும் குறிப்பிட்டுவிட்டார். பாராட்டா, மட்டம் தட்டலா? நான் இரண்டாவது கட்சி!

அதிலும் ஒரு புதிர் உண்டு! கிரீன்பெர்க் சொல்லும் வருடம் 1944. ஆனால் அந்த கேலரியில் சோபெலின் படங்கள் தொங்கிய கண்காட்சிகள் 1945-லும் 1946-லும் நடந்தவை. நினைவு ஒரு வருடம் வழுக்கியதா? ஓவிய ஆராய்ச்சி என்றாலே இப்படித்தான். ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய கையேடு, கடிதம், ரசீது என்று தேட வேண்டும்!

ஒன்றையும் மறைக்கக் கூடாது. பொல்லாக்குக்கு வேறு குருமார்களும் உண்டு. 1936-லேயே மெக்சிகோ ஓவியர் சிக்கேரோஸ் நியூயார்க்கில் ஒரு சோதனைப் பட்டறை நடத்தினார். கார் பெயின்டைச் சொட்டுவது, வீசுவது, ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் அங்கே நடந்தது. அங்கே இருந்த இளைஞர்களில் பொல்லாக்கும் ஒருவர்!

சரி, ஒரு சொட்டு ஓவியம் எப்படி உருவானது என்று பின்னால் வருபவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வழிகள் அத்தனையும் துப்பறியும் வழிகள்! அறையை இருட்டாக்கி ஒரு பக்கமிருந்து தாழ்வாக டார்ச் அடித்தால், பெயின்டின் மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். வழிந்த பெயின்ட் கீழ்நோக்கித்தானே போகும்? ஒரே படத்தில் நாலு திசையிலும் வழிந்திருந்தால், கேன்வாஸைத் திருப்பித் திருப்பி வைத்து வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம்! இரண்டு நிறங்கள் ஒன்றில் ஒன்று கலங்கியிருந்தால், இரண்டும் ஈரமாக இருந்தபோது சந்தித்தவை. மேல் நிறம் சுத்தமாகத் தனியே உட்கார்ந்திருந்தால், கீழ் நிறம் காயும்வரை ஓவியர் காத்திருந்திருக்கிறார்! மணலளவுக்கும் சின்னத் துணுக்கு ஒன்றை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், எத்தனை பூச்சு, எந்த வரிசை என்று அடுக்கடுக்காகத் தெரியும்!

இதே முறையில் ஒரு புராணமே உடைந்தது, தெரியுமா? பொல்லாக்கின் ‘மியூரல்’ ஓவியம், அகலம் சுமார் 6 மீட்டர்! பெக்கி குகன்ஹைம் வீட்டுக்காக 1943-ல் கேட்டு வாங்கியது. ‘வாரக்கணக்கில் வெறும் கேன்வாஸை முறைத்துப் பார்த்துவிட்டு ஒரே இரவில் வரைந்து முடித்தார்’ என்பது பல வருடங்களாக உலவிய கதை. லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி நிறுவனத்து ஆட்கள் 2012 முதல் அதை அலசிப் பார்த்தார்கள். பூச்சுகளுக்கு நடுவே பெயின்ட் காய்ந்திருந்தது! எண்ணெய்ப் பெயின்ட் காய நாள்கணக்கு வேண்டும். ஒரே இரவாம், ஒரே இரவு!

2025-ல் இன்னொரு செய்தி! பொல்லாக்கின் ‘நம்பர் 1ஏ, 1948’ ஓவியத்தில் பளிச்சென்று தெரியும் நீலம் எது? இத்தனை வருடமாக உறுதியாகச் சொல்ல ஆளில்லை. லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறும் ஒளியைப் படித்து, அது ‘மாங்கனீஸ் நீலம்’ என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் படத்தின் மேல் ஓரத்தில் பொல்லாக்கின் கைத்தடங்கள்கூட உண்டு. உள்ளங்கையைப் பெயின்டில் தோய்த்து அப்பியிருக்கிறார்!

நிறமி காட்டிக்கொடுத்த மோசடியும் உண்டு! நியூயார்க்கின் நோட்லர் கேலரி 1846-ல் தொடங்கியது. 165 வருடப் பாரம்பரியம்! 2011-ல் மூடியது. பொல்லாக், ராத்கோ போன்ற ஓவியர்கள் வரைந்தவை என்று விற்ற ஓவியங்கள் போலி என்ற புகார்! 1.7 கோடி டாலருக்குப் போன ‘பொல்லாக்’ ஒன்றில் இருந்த நிறமிகள், பொல்லாக் 1956-ல் கார் விபத்தில் இறந்த பிறகே சந்தைக்கு வந்தவை! இன்னொன்றில் கையெழுத்திலேயே எழுத்துப்பிழை! சொந்தப் பெயரைத் தப்பாக எழுதுவாரா மனிதர்?

இதற்கிடையில் சோபெல் என்ன ஆனார்? 1940-களின் பிற்பாதியில் கணவரின் தொழிற்சாலைக்குப் பக்கமாக நியூஜெர்சியின் பிளெய்ன்ஃபீல்டு ஊருக்குக் குடிபோனார்கள். நியூயார்க் கேலரிகளின் தொடர்பு விட்டுப்போனது. போதாக்குறைக்குப் பெயின்டே அலர்ஜி ஆகிவிட்டது! பிறகு? க்ரேயான், பென்சில். வரைவதை மட்டும் விடவில்லை! 1968-ல் காலமானார். 2024-ல் ஹூஸ்டன் நகரின் மெனில் அருங்காட்சியகம் அவருடைய சொட்டு ஓவியங்களைத் திரட்டித் தனிக் கண்காட்சியே வைத்தது. கணக்குப் போடுங்கள், இறந்து 56 வருடம்! பொல்லாக் பக்கமோ, ‘நம்பர் 17ஏ’ என்ற ஒற்றைப் படம் 2015-ல் 20 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி!

பொல்லாக்கின் கோடுகளில் இன்னொரு ரகசியமும் உண்டு! தேனை உயரத்திலிருந்து ஊற்றிப் பார்த்திருக்கிறீர்களா? கீழே விழும்போது சுருள் சுருளாகச் சுற்றும். பெயின்டும் அப்படித்தான் சுருள வேண்டும். ஆனால் பொல்லாக்கின் பெரும்பாலான கோடுகள் சுருளவில்லை! ஏன்? 2019-ல் பிரவுன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அவர் வரையும் பழைய வீடியோவை அளந்து பார்த்தார்கள். கையின் வேகம், உயரம் இரண்டையும் சுருள் விழாத அளவில் அவர் வைத்திருந்தாராம்! சோபெலின் சொட்டுக்குழாய்க் கோடுகளுக்கும் இப்படி ஒரு கணக்கை யாராவது போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கடைசியாக ஒன்று. சொட்டு ஓவியத்தை அசலா போலியா என்று கணிதத்தால் சொல்ல முடியுமா? 1999-ல் ரிச்சர்ட் டெய்லர் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும், பொல்லாக்கின் கோலங்களில் ‘ஃப்ராக்டல்’ என்னும் கணித ஒழுங்கு இருப்பதாக அறிவித்தார்கள். சிறு துண்டைப் பெரிதாக்கினாலும் முழுசின் சாயலே தெரியுமாம்! உலகமே கைதட்டியது. 2006-ல் கேத்ரின் ஜோன்ஸ்-ஸ்மித், ஹர்ஷ் மாத்தூர் என்ற இருவர் அந்தச் சோதனைக்கு ஒரு படத்தைக் கொடுத்தார்கள். என்ன படம்? கையால் கிறுக்கிய சில நட்சத்திரங்கள்! ரிசல்ட்? பாஸ்! முதல் ஆய்வை வெளியிட்டது ‘நேச்சர்’ இதழ். அதைக் கவிழ்த்த ஆய்வை வெளியிட்டது? அதே ‘நேச்சர்’!