தோல் சட்டைப் பட்டாளம்!

கறுப்புத் தோல் சட்டை. கறுப்புத் தோல் கால்சட்டை. தலையிலே அகலத் தொப்பி. இடுப்பிலே இரும்புக் குமிழ் பதித்த பட்டை. கழுத்திலே சங்கிலி. நடந்தால் "கலீர் கலீர்" என்று சத்தம்!

இப்படி ஒரு கூட்டம் தெருவில் வந்தால் என்ன செய்வீர்கள்? கதவைச் சாத்திக்கொள்வீர்கள்!

பயப்பட வேண்டாம். இவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்ல. பாட்டுக் கேட்கப் போகிறவர்கள்!

இந்தக் காட்சியைக் காண ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். போட்ஸ்வானா நாட்டிலே, கலகாரிப் பாலைநிலத்தின் நடுவிலே, கான்சி என்று ஒரு சிற்றூர். தலைநகரில் இருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். இங்கேதான் "ஹெவி மெட்டல்" கச்சேரி நடக்கிறது.

மாட்டுச் சீமை

கான்சியைச் சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். தோலுக்குப் பஞ்சம் இல்லை. பலர் தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள். மாட்டு எலும்பும் கொம்பும் கூட இவர்களுக்கு நகை!

இவர்களுக்கு "மரோக்" என்று பெயர். "ராக்" இசைப் பித்தர்கள் என்று பொருள். மாடு மேய்ப்பவர், சுரங்கத் தொழிலாளி, ஆசிரியர் என்று பல வேலை பார்ப்பவர்கள். பெண்களும் உண்டு. அவர்களை "ராணி" என்று மரியாதையாக அழைக்கிறார்கள்.

விரல் போனது, இசை வந்தது!

இந்த இசை பிறந்த இடம் இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரம். அங்கே டோனி அயோமி என்ற வாலிபர் இரும்புத் தகடு ஆலையில் வேலை பார்த்தார். 1965-ல், அவருக்கு வயது 17. இயந்திரத்தில் கை சிக்கி, இரண்டு விரல்களின் நுனி துண்டாகிவிட்டது!

கிதார் வாசிக்கிறவருக்கு விரல் போனால் என்ன மிச்சம்? அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். பின்னாளில், விரல் வலிக்காமல் இருக்கத் தந்திகளைத் தளர்த்தவும் செய்தார். தந்தி தளர்ந்ததும் ஒலி இன்னும் கனத்தது. அதற்கு முன்பே, 1970-ல் அவருடைய "பிளாக் சபாத்" குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

இடி முழக்கம்

கான்சியில் "ஓவர்த்ரஸ்ட்" என்ற உள்ளூர்க் குழு, 2010-களில் குளிர்கால இசைவிழா நடத்தத் தொடங்கியது. அங்கே மே மாதம் குளிர்காலம். பாலைநில இரவு பல்லைக் கிட்ட வைக்கும். தோல் சட்டை அப்போதுதான் கை கொடுக்கும்!

மேடை பெரிது அல்ல. கூட்டமும் சில நூறு பேர்தான். ஆனால் சத்தமோ, இடி! மின்சாரத்தால் கிதாரின் ஒலியைக் கரகரக்க வைக்கிறார்கள். மத்தளக்காரர் இரு காலாலும் மிதித்து அதிர வைக்கிறார். பாடகர் அடித்தொண்டையில் உறுமுகிறார். வார்த்தை புரியாது. நெஞ்சுக்கூடு மட்டும் அதிரும்!

மேடைக்கு முன்னால் தலையை ஆட்டுகிறார்கள். ஒருவரை ஒருவர் மோதுகிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் அடிதடி!

ஆனால், இந்த மோதலுக்கு ஒரு சட்டம் உண்டு. யாராவது கீழே விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே தூக்கிவிட வேண்டும். எழுதாத சட்டம். உலகம் முழுவதும் இந்தக் கூட்டத்தார் கடைப்பிடிக்கும் சட்டம்.

பேய்க் கூட்டமா?

"இவர்கள் பேயைக் கும்பிடுகிறவர்கள்" என்று ஊரில் பேச்சு எழுந்தது. உடுப்பைப் பார்த்துக் கட்டிய கதை!

மரோக்குகள் வாயால் பதில் சொல்லவில்லை. காரியத்தால் சொன்னார்கள். இசைவிழாவை வைத்து ஏழைகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் உதவி திரட்டினார்கள். மேடைக்கு முன்னால் விழுந்தவரைத் தூக்கிய கை, ஊரிலும் தூக்கிவிட்டது!

சிறு கூட்டம்

2016-ல் ஓவர்த்ரஸ்ட் குழுவுக்கு ஜெர்மனியில் இருந்து அழைப்பு. வாக்கன் என்ற கிராமத்து இசைவிழா. அங்கே 70 ஆயிரம் பேருக்கு மேல் கூடுவார்கள். பாலைநிலத்துப் பிள்ளைகள் அந்த விழாவில் வாசித்தார்கள்!

அந்தப் பெரிய விழா எப்படித் தொடங்கியது தெரியுமா? 1990-ல், கிராமத்து ஓரத்தில், சரளைக்கல் எடுத்த பள்ளத்திலே. அன்று வந்தவர்கள் சுமார் 800 பேர்தான்!

ஆகவே, கான்சியில் கூடும் சில நூறு பேரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். கச்சேரி முடிந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவர்கள் வீடு திரும்புகிறார்கள். மறுநாள் தோல் சட்டை ஆணியில் தொங்கும். அதை மாட்டியவர், மாட்டை ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போய்க்கொண்டிருப்பார்!