பாதிச் சம்பளக்காரரும் 95 மில்லியன் பயிற்றுநரும்

2021 அக்டோபர் 30. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஈஸ்ட் லான்சிங் என்ற பல்கலைக்கழக நகரம். உள்ளூர் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும், ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் மோதுகின்றன. அந்தப் பருவத்தில் அதுவரை இரண்டுமே ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஒரு கட்டத்தில் 30-14 என்று முன்னணியில் இருந்த மிச்சிகன், கடைசியில் 37-33 என்று தோற்றுப் போனது. மிச்சிகன் ஸ்டேட்டின் கென்னத் வாக்கர் என்ற மாணவர் ஒருவரே ஐந்து டச்டவுன் எடுத்தார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. வென்ற குழுவின் பயிற்றுநர் மெல் டக்கருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. தொகை 95 மில்லியன் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 400 மில்லியன் ரிங்கிட். தோற்ற குழுவின் பயிற்றுநர் ஜிம் ஹார்பாவோ, அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான் தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்.

ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, பரம வைரிகளான இரண்டு குழுக்கள். ஒன்று ‘வென்றால் தருகிறோம்’ என்றது. மற்றது ‘எது நடந்தாலும் தருகிறோம்’ என்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் எவருக்கும் கொஞ்சம் யோசனை வரும்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இது நாம் விளையாடும் காற்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டி மோதும் அமெரிக்கக் காற்பந்து. அதிலும் இது தொழில்முறை லீக் இல்லை, மாணவர்கள் ஆடுவது. நம் பல்கலைக்கழகக் காற்பந்துக் குழுவின் பயிற்றுநர் யார் என்று கேட்டால் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கே தெரியாது. அங்கே நிலைமை வேறு. புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ஏறக்குறைய 87,000 பேர் அமரலாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கில் 107,601 பேர். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஆக அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநர் அல்லர்; பல்கலைக்கழகக் காற்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநர்தான்.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? முதலில் தொலைக்காட்சி. இவ்விரு பல்கலைக்கழகங்களும் இருக்கும் ‘பிக் டென்’ கூட்டமைப்பு 2022இல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களோடு செய்துகொண்ட ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 7 பில்லியன் டாலருக்கும் அதிகம். அடுத்து நுழைவுச்சீட்டு. பிறகு, பணம் சேர்த்த முன்னாள் மாணவர்களின் நன்கொடை. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்குப் பங்குதாரர்கள் கிடையாது. லாபம் என்று எடுத்து யாருக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டியதில்லை. வந்த பணம் செலவாகியாக வேண்டும். பக்கத்து ஊர்க்காரன் செலவழிப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

ஹார்பாவின் கதைக்கு வருவோம். மிச்சிகனின் முன்னாள் மாணவர், முன்னாள் ஆட்டக்காரர். தொழில்முறை லீக்கில் சான்ஃபிரான்சிஸ்கோ குழுவை இறுதியாட்டம் வரை கொண்டுபோனவர். 2014 டிசம்பரில் அவரைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். சம்பளம் ஆண்டுக்கு 8 மில்லியன் டாலர் வரை ஏறியது. ஆனால் முக்கிய எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை ஐந்து முறை சந்தித்து ஐந்து முறையும் தோற்றார். கோவிட் ஆண்டான 2020இல் இரண்டு வெற்றி, நான்கு தோல்வி. வேறு இடமாக இருந்தால் ஆளை மாற்றியிருப்பார்கள்.

மிச்சிகன் மாற்றவில்லை. 2021 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது. அடிப்படைச் சம்பளம் ஏறக்குறைய 4 மில்லியன். மீதியைத் திடலில் சம்பாதித்துக்கொள்ள வேண்டும். கூட்டமைப்பின் கிழக்குப் பிரிவில் முதலிடம் என்றால் ஐந்து லட்சம் டாலர். கூட்டமைப்பு வெற்றியாளர் என்றால் ஒரு மில்லியன். தேசிய பிளேஆஃப் சுற்றுக்குப் போனால் இன்னோர் ஐந்து லட்சம். தேசிய வெற்றியாளரானால் ஒரு மில்லியன். இடையில் வேலையைவிட்டு நீக்கினால் பல்கலைக்கழகம் தர வேண்டிய தொகை 4 மில்லியனில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு மில்லியனாகக் குறையும். அதாவது, அவரை வழியனுப்பும் செலவு ஒவ்வோர் ஆண்டும் மலிவாகிக்கொண்டே வரும். ஆண்டிறுதி போனஸுக்கு மேலதிகாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. எட்டு மில்லியன் வாங்கியவர் அதற்கு ஒப்புக்கொண்டதுதான் புதிது.

மிச்சிகன் ஸ்டேட்டில் காற்று வேறு திசையில் அடித்தது. டக்கர் வந்து இரண்டு ஆண்டு, மிச்சிகனோடு இரண்டு ஆட்டம், இரண்டிலும் வெற்றி. 2021 நவம்பரில் லூசியானாவின் எல்எஸ்யூ பல்கலைக்கழகம் புதுப் பயிற்றுநரைத் தேடிக்கொண்டிருந்தது. டக்கரின் பெயர் அடிபட்டது. கிடைத்தவரை நழுவவிட்டால் ஊர் என்ன சொல்லும்? இப்படிப்பட்ட நேரத்தில் பயிற்றுநரின் முகவர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. தொலைபேசியை எடுக்கச் சற்றுத் தாமதித்தால் போதும்.

பணத்துக்கு இரண்டு புரவலர்கள் இருந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் வீட்டுக்கடன் நிறுவனமான யுனைட்டெட் ஹோல்சேல் மார்ட்கேஜின் தலைவர் மேட் இஷ்பியா. மிச்சிகன் ஸ்டேட் 2000இல் தேசிய வெற்றியாளரான கூடைப்பந்துக் குழுவில் இருந்தவர். 95 மில்லியனும் உத்தரவாதம் என்று ஒப்பந்தம் தயாரானது. வேடிக்கை என்னவென்றால், அது அறிவிக்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்னால்தான் ஒஹாயோ ஸ்டேட்டிடம் குழு 56-7 என்று சின்னாபின்னமாகியிருந்தது. இடைவேளையிலேயே 49-0. ஆனாலும் பேனா நிற்கவில்லை.

இதை வெறும் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. காரணம், அதற்கு ஓர் ஆண்டுக்கு முன்பு, 2020 அக்டோபரில், இதே மிச்சிகன் ஸ்டேட் தன் ஆண், பெண் நீச்சல், முக்குளிப்புக் குழுக்களை மூடுவதாக அறிவித்தது. சொன்ன காரணங்களில் நிதி நெருக்கடியும் ஒன்று. காலை ஐந்து மணிக்கு எழுந்து குளத்தில் இறங்கிப் பழகி, அந்தத் திறமையால் பல்கலைக்கழக வாசலை மிதித்த பிள்ளைகள் அவர்கள். மாணவிகள் நீதிமன்றம் வரை போனார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது, குழு திரும்பவில்லை. பயிற்றுநருக்காகப் புரவலர்கள் கொடுத்தது தனியார் நன்கொடை, நீச்சல் குழுவுக்கான காசு அல்ல என்று கணக்காளர் சொல்வார். கணக்கு சரிதான். நன்கொடை எங்கே போக வேண்டும் என்று கொடுப்பவர் முடிவு செய்யும் இடத்தில், நீச்சல் குளத்துக்கு யாரும் காசோலை எழுதவில்லை என்பதுதான் விஷயம்.

ஆட்டக்காரர்கள்? 2021 ஜூலை வரை, மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் ஒரு காசு வாங்கினாலும் விதிமீறல். அந்தத் தடை நீங்கியதும் இஷ்பியாவின் நிறுவனம் மிச்சிகன் ஸ்டேட்டின் காற்பந்து, ஆண்கள் கூடைப்பந்து மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் விளம்பர ஒப்பந்தம் வழங்க முன்வந்தது. மாதம் 500 டாலர். ஐந்து டச்டவுன் எடுத்த கால்களுக்கும், அதை ஓரத்தில் நின்று பார்த்தவருக்கும் இடையில் இருந்த இடைவெளி அவ்வளவு.

இனி இரண்டு ஒப்பந்தங்களும் என்ன ஆயின என்று பார்ப்போம்.

மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்ற ஹார்பா, அந்த ஆண்டில் அதன் பிறகு கூட்டமைப்பில் யாரிடமும் தோற்கவில்லை. நவம்பர் 27 அன்று ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என்று வென்றார். மிச்சிகனுக்குப் பத்து ஆண்டுகளில் அந்த எதிரிக்கு எதிராகக் கிடைத்த முதல் வெற்றி அது. அடுத்த வாரம் ஐயோவாவை 42-3 என்று புரட்டிப்போட்டுக் கூட்டமைப்புக் கிண்ணம். பிளேஆஃபிலும் இடம். போனஸ் ஒவ்வொன்றாக விழுந்தது. அந்தப் பணத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. கோவிட் காலத்தில் சம்பளம் குறைக்கப்பட்ட விளையாட்டுத் துறை ஊழியர்களுக்கே அது போகட்டும் என்றார். அடுத்த பிப்ரவரியில் அவருக்கு 36.7 மில்லியன் டாலரில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கிடைத்தது. 2024 ஜனவரியில் தேசிய வெற்றியாளர். அதே மாதத்தில் அவர் தொழில்முறை லீக்குக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ஊக்கத்தொகைதான் ஆளை மாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். துணைப் பயிற்றுநர்களை மாற்றினார், நல்ல ஆட்டக்காரர்கள் முதிர்ந்தார்கள். வெல்ல வேண்டும் என்ற அழுத்தத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: எதிரணியின் சைகைகளை ஆள் அனுப்பிப் படம்பிடித்த விவகாரத்தில் 2023இல் கூட்டமைப்பு ஹார்பாவை மூன்று ஆட்டங்களுக்கு ஒதுக்கி வைத்தது. ஒப்பந்தம் செய்தது வேறு ஒன்று. தோல்வியின் செலவை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ள வைத்தது. அதனால்தான் மிச்சிகனால் பதற்றமில்லாமல் இன்னோர் ஆண்டு காத்திருக்க முடிந்தது.

டக்கரின் குழு 2022இல் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. விளையாட்டுக் காரணத்துக்காக அவரை நீக்க நினைத்தாலும் முடியாத நிலை; மீதிச் சம்பளம் அப்படியே தர வேண்டும். 2023 செப்டம்பரில் கதை வேறு வழியில் முடிந்தது. பாலியல் தொல்லைப் புகார் ஒன்று வெளியே வந்தது. அவர் அதை மறுத்தார். பல்கலைக்கழகம், ஒழுங்கு மீறல் என்ற விதியைக் காட்டி அவரை நீக்கியது. அப்படி நீக்கினால் மீதித் தொகை தர வேண்டியதில்லை. மிச்சம் இருந்தது ஏறக்குறைய 80 மில்லியன் டாலர். அவர் வழக்குப் போட்டார். அதே அக்டோபரில் மிச்சிகன் ஈஸ்ட் லான்சிங்குக்கு வந்து 49-0 என்று வென்றுவிட்டுப் போனது.

மிச்சிகன் ஸ்டேட் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2017இல் ஜிம்போ ஃபிஷருக்குப் பத்தாண்டு, 75 மில்லியன், முழு உத்தரவாதம் கொடுத்தது. 2021இல், தேசியக் கிண்ணம் எதுவும் வராமலேயே, ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டியது. 2023 நவம்பரில் ஓர் ஆட்டத்தில் 51-10 என்று வென்ற மறுநாள் அவரை நீக்கியது. தர வேண்டியது 75 மில்லியன் டாலருக்கு மேல். முதல் அறுபது நாளில் 19 மில்லியன். பிறகு 2031 வரை ஆண்டுக்கு 7 மில்லியனுக்கு மேல். பொதுவாக இத்தகைய ஒப்பந்தங்களில் ‘வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்வோம்’ என்று ஒரு வரி இருக்கும். ஃபிஷரின் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. ஒரு வரி! வேலை ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் கையெழுத்திடும் இளையர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை படிக்கலாம்.

இதே ஏ அண்ட் எம் 1982இல் மிச்சிகனின் அன்றைய பயிற்றுநர் போ ஷெம்பெக்லரை இழுக்கப் பார்த்தது. பத்தாண்டுக்கு 2 மில்லியன் டாலருக்கு மேல் என்பது அன்று யாரும் கேள்விப்படாத தொகை. அவர் போகவில்லை. மிச்சிகன் ரசிகரான டாமினோஸ் பீட்சா அதிபர் டாம் மோனகன், நன்றியாக அவருக்கு ஒரு பீட்சா கடையைக் கொடுத்தார். கடை இருந்த ஊர் கொலம்பஸ், அதாவது பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டின் ஊர். எதிரி ஊர்க்காரர்களின் காசிலேயே சம்பளம்! ஊக்கத்தொகைகளில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். முதலாண்டு உச்சவரம்பு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு 20.5 மில்லியன் டாலர். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. இனி ஆட்டக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பதால் பயிற்றுநர்களின் உத்தரவாதம் சுருங்கும் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அந்த அக்டோபரிலேயே பென் ஸ்டேட்டும் எல்எஸ்யூவும் தத்தம் பயிற்றுநர்களை நீக்கின. ஒப்பந்தப்படி தர வேண்டியது ஒவ்வொருவருக்கும் ஏறக்குறைய 50 மில்லியன்.

மிச்சிகன் ஸ்டேட்டும் விட்டுவைக்கவில்லை. டக்கருக்குப் பின் வந்த ஜானதன் ஸ்மித்தை இரண்டே பருவத்தில், 2025 நவம்பர் கடைசியில், அனுப்பிவிட்டது. இம்முறை ஒழுங்கு மீறல் எதுவும் இல்லை; ஆட்டம் சரியில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது 30 மில்லியன் டாலருக்கு மேல். நீச்சல் குழு இன்னும் இல்லை.