பள்ளிக்கூடத்திற்குச் சொந்தமான காடு

பொதுச் சொத்தைப் பேணுவது எப்படி என்னும் வினா கூட்டுறவாளர்களாகிய நமக்குப் புதியதன்று. எல்லோருக்கும் சொந்தமான பொருளுக்கு ஒருவரும் பொறுப்பேற்காவிடில் அது நலியும் என்பதைப் பல சங்கங்களில் கண்டிருக்கிறோம். இவ்வினாவுக்கு நிலத்தின் வாயிலாக விடை கண்ட பள்ளிக்கூடங்கள் அமெரிக்காவில் உள்ளன. அவற்றின் வரலாற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது பயன் தரும்.

விஸ்கான்ஸின் மாநிலத்தின் வட பகுதி ஒரு காலத்தில் பெருங்காடாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மர வியாபாரிகள் அங்கிருந்த பைன் மரங்களைப் பெரும்பாலும் வெட்டித் தீர்த்தனர். கழித்துப் போட்ட கிளைகளும் சருகும் ஆங்காங்கே குவிந்து கிடந்தன. 1871 அக்டோபர் 8ஆம் நாள், வறட்சியும் காற்றும் சேர்ந்தபோது, பெஷ்டிகோ என்னும் ஊரையும் சுற்றுப்புறங்களையும் எரித்த தீயில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் வெட்டுநிலங்களில் பயிரிட வந்த குடியானவர்களுக்கு அடிக்கட்டைகளும் வளமற்ற மண்ணும் குறுகிய கோடையுமே வாய்த்தன. பலர் நிலவரி செலுத்த வழியின்றி நிலத்தைக் கைவிட்டனர். வரி குன்றவே, அதனை நம்பியிருந்த பள்ளிக்கூடங்களும் இடர்ப்பட்டன.

அக்காலத்தில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் விவசாயக் கல்லூரித் தலைவராக இருந்தவர் ஹாரி ரஸ்ஸல். ஆஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைகள் பொது நிலத்தில் மரம் நடுவதைக் கண்ட அவர், தம் மாநிலத்திலும் அது நடைபெற வேண்டுமென்று விரும்பினார். பள்ளி நிர்வாகங்கள் காட்டு நிலத்தை உடைமையாகக் கொள்ள 1927இல் சட்டம் இடம் தந்தது. மறு ஆண்டே லேயோனா, கிரான்டன், வாபீனோ ஆகிய மூன்று ஊர்களின் பள்ளிகள் காடு பெற்றன. இன்று அம்மாநிலத்தில் 400க்கு மேற்பட்ட பள்ளிக் காடுகள் உள்ளன.

இக்காடுகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர் பெறும் கல்வி எத்தகையது? கணிதத்தில் படித்த வட்டத்தின் அளவை, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடா பிடித்துக் காண்கின்றனர். அதிலிருந்து மரத்தின் கன அளவைக் கணக்கிடுகின்றனர். நெருங்கி வளர்ந்த மரங்கள் ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட்டு மெலியும். ஆதலின் சிலவற்றைக் களைந்தால்தான் மற்றவை பருக்கும். எவற்றைக் களைவது என்பதை வன அதிகாரியின் திட்டம் வரையறுக்கிறது. விற்ற மரத்தின் வருவாய் பள்ளிக்குப் பயன்படுகிறது.

களை பறிப்பதிலும் பாடம் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய, பூண்டு மணமுள்ள கடுகினச் செடி ஒன்று அக்காடுகளின் இயற்கைப் பூஞ்செடிகளை நெருக்கி அழிக்கிறது. அது இரண்டாம் ஆண்டில் பூத்துக் காய்த்து மடியும். ஆனால் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். எனவே காய் முற்றுமுன் வேரோடு பிடுங்க வேண்டும். ஓராண்டு பிடுங்கி விட்டுவிட்டால் பட்ட பாடு வீணாகும். ஒரு வகுப்பு பள்ளியை விட்டு நீங்கினாலும் அடுத்த வகுப்பு அதே இடத்தில் பணியைத் தொடர வேண்டும். முந்தியவர் எங்கே பறித்தனர், எவ்வளவு எஞ்சியது என்பதற்குப் பதிவேடு இல்லாவிடில் பிந்தியவர் இருட்டில் தடுமாறுவர்.

கூட்டுறவாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. பைன் கன்று நட்ட மாணவன், அது விற்பனைக்குரிய மரமாகும்போது நடுத்தர வயதை அடைந்திருப்பான். பலன் வேறொருவருடைய பிள்ளைகளுக்குச் சேரும். அதனை அறிந்தே அவன் நடுகிறான். லாபம் முழுவதையும் இவ்வாண்டே பங்கிட்டுவிட வேண்டுமென்று பொதுக்குழுவில் வாதாடும் அங்கத்தினர் இதனைச் சிந்திப்பாராக. நாம் சேர்த்துவைக்கும் ரிசர்வ் நிதியும் ஒரு நாற்றங்காலே. அதனையும் அதன் கணக்கேட்டையும் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது நம் கடமையாகும்.